கப்பலேறுவதா, வீட்டிலிருந்தே எழுதுவதா: அயர்லாந்தில் பாட்டுக் கட்டிப் பிழைக்கும் வழிகள்

அயர்லாந்தின் தேசிய கீதத்துக்கு வரிகள் எழுதிய பாடர் கார்னி வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தவர். நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்தத் தொழிலுக்கே திரும்பினார். 1926-இல் அவருடைய பாட்டு தேசிய கீதமானது. 1933-இல் அதன் காப்புரிமையை அரசு 1,200 பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டது. சட்டம் மாறியதால் 1965-இல் அதே உரிமையை மறுபடியும், இந்த முறை 2,500 பவுண்டுக்கு, வாங்க வேண்டி வந்தது. அதற்குள் கார்னி இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மெட்டுப் போட்ட பாட்ரிக் ஹீனி 1911-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாட்டுக் கட்டத் தெரிந்த ஓர் ஐரிஷ் இளைஞருக்கு இருபது, இருபத்திரண்டு வயதில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, அவற்றில் எது தேறும் என்று பார்ப்போம். ஊரைவிட்டுப் போகலாம், இருக்கலாம். பிறர் பாடுவதற்கு எழுதலாம், தானே பாடலாம். மேடைக்கும் படத்துக்கும் கேட்டபடி இசையமைத்துக் கொடுக்கலாம். அரசுப் பணத்தை நம்பலாம். கார்னியைப் போல வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். பேச்சு வழக்கமாக முதல் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வரும்: போவதா, இருப்பதா? என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. பாட்டு யார் பெயரில் இருக்கிறது, மாதச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டும் தெளிந்துவிட்டால் எந்த ஊர் என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

ஆனாலும் ஊர் விஷயத்தை முதலில் பேசித் தீர்த்துவிடலாம். அந்தக் காலத்தில் போவதைத் தவிர வேறு வழி இல்லை. டப்ளினில் 1782-இல் பிறந்த ஜான் ஃபீல்டைச் சிறுவயதிலேயே லண்டனில் க்ளெமென்டியிடம் சேர்த்துவிட்டார்கள். க்ளெமென்டி இசைக்கலைஞர் மட்டுமல்லாமல் பியானோ வியாபாரியும்கூட. பையனை வாசிக்க வைத்துத்தான் வாடிக்கையாளர்களுக்குக் கருவியைக் காட்டினார். குருவோடு ரஷ்யாவுக்குப் போன ஃபீல்ட் அங்கேயே தங்கி, ‘நாக்டர்ன்’ என்ற பியானோ வடிவத்தை உருவாக்கி, 1837-இல் மாஸ்கோவில் இறந்தார். அந்த வடிவத்தை உலகறியச் செய்த பெயர் போலந்து இசையமைப்பாளர் ஷோபானுக்குப் போனது. மைக்கேல் பால்ஃப் தகப்பனாரை இழந்த 1823-இல், பதின்வயதில், லண்டனுக்குக் கிளம்பினார். இருபது வருடம் கழித்து அவருடைய ‘த பொஹிமியன் கேர்ள்’ ஓபரா டிரூரி லேன் அரங்கில் ஏறியது. டப்ளின் வக்கீல் மகனான சார்ல்ஸ் ஸ்டான்ஃபோர்ட் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போய், பிறகு லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில், பின்னாளில் பெரிய ஆங்கில இசையமைப்பாளர்களான வான் வில்லியம்ஸுக்கும் ஹோல்ஸ்டுக்கும் ஆசிரியரானார்.

போகாதவர் கதையும் ஒன்று உண்டு. விக்லோ மாவட்டத்து என்னிஸ்கெரியில் 1889-இல் பிறந்த ஐனா பாயில். அவருடைய ‘த மேஜிக் ஹார்ப்’ என்ற இசைக்குழுப் படைப்பை 1919-இல் கார்னெகி அறக்கட்டளை தேர்ந்தெடுத்தது. 1923 முதல் வான் வில்லியம்ஸிடம் பாடம் கேட்கக் கப்பலில் லண்டனுக்குப் போவார், திரும்பி வருவார். வயதான பெற்றோரைக் கவனிக்க வேண்டியிருந்ததால் என்னிஸ்கெரியிலேயே இருந்துவிட்டார். எழுதுவதை நிறுத்தவே இல்லை. சிம்பொனி, பாலே, ஓபரா என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1967-இல் இறந்தபோது அவற்றில் பெரும்பகுதி ஒருமுறைகூட மேடையேறியிருக்கவில்லை. கையெழுத்துப் பிரதிகள் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. ஒரு பாட்டை மனதுக்குள்ளேயே பாடிப் பார்த்துக்கொள்ளலாம். அறுபது பேர் சேர்ந்து வாசிக்க வேண்டியதை அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் போவதா இருப்பதா என்ற கேள்வி பாடலாசிரியரைவிடக் கச்சேரி இசை எழுதுபவரைத்தான் அதிகம் நெருக்குகிறது.

இன்றும் அது மாறிவிடவில்லை. டப்ளினில் 1997-இல் க்ராஷ் என்சாம்பிள் என்ற குழுவைத் தொடங்கிய டொனகா டெனஹி, 2014-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் பேராசிரியராகப் போனார். ஜெனிஃபர் வால்ஷ் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். ஜெரால்ட் பேரி வேறு மாதிரி. கிளேர் மாவட்டத்துக்காரர். ஜெர்மனியின் கொலோனில் ஸ்டாக்ஹௌசன், காகல் என்ற இரு இசையமைப்பாளர்களிடம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தார். ஆனால் ஆஸ்கர் வைல்டின் நாடகத்தை வைத்து அவர் எழுதிய ஓபரா 2011-இல் முதலில் ஒலித்தது லாஸ் ஏஞ்சலஸில்தான். (அதில் ஒரு காட்சிக்கு நாற்பது பீங்கான் தட்டுகளை உடைக்க வேண்டும். தட்டு வாங்கவும் ஓர் அமைப்பு செலவு செய்யத் தயாராக இருக்க வேண்டும் அல்லவா!) ஆள் உள்ளூரில் இருக்கலாம், முதல் மேடை வெளியூரில்தான் என்பதே இந்தத் துறையின் நிலவரம்.

பாட்டெழுதுபவர்களுக்கு இந்த நெருக்கடி தளர்ந்துவிட்டது. 1930-களின் பாடலாசிரியர் ஜிம்மி கென்னடி காலத்தில் லண்டன் போயே ஆக வேண்டியிருந்தது, ஏனென்றால் பதிப்பாளர்கள் அங்கேதான் கடை விரித்திருந்தார்கள். இன்றைய பாடகர் ஹோசியர் காலத்தில் அப்படி இல்லை. விக்லோவில் பெற்றோர் வீட்டுப் பரணில் பதிவு செய்த குரலோடு ‘டேக் மீ டு சர்ச்’ 2013-இல் வெளிவந்தது. வெளியிட்டது ஓர் ஐரிஷ் இசை நிறுவனம், வீடியோ எடுத்தது கார்க் நகரத்துச் சிறு குழு. பாட்டு இணையத்தில் பரவிய பிறகுதான் பெரிய நிறுவனங்களின் பலம் சேர்ந்தது. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 51 லட்சம்தான் உள்ள நாட்டில், உள்ளூரில் மட்டும் ஓடும் பாட்டு சோறு போடாது என்பது உண்மைதான். ஆனால் இன்று வெளியூருக்குப் போக வேண்டியது பாட்டுத்தான். எழுதியவர் வீட்டில் இருக்கலாம்.

இனி பணம். இங்கேதான் ஒப்பீடு சூடு பிடிக்கிறது.

1994 ஏப்ரல் 30. டப்ளின் பாயின்ட் தியேட்டரில் யூரோவிஷன் என்ற ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி. அயர்லாந்தின் பாட்டு ‘ராக் அண்ட் ரோல் கிட்ஸ்’. பால் ஹாரிங்டனும் சார்லி மெக்கெட்டிகனும் ஒரு பியானோ, ஒரு கிதாரோடு உட்கார்ந்து பாடினார்கள். எழுதியவர் டிப்பரரிக்காரரான ப்ரெண்டன் கிரஹாம். பாட்டு ஜெயித்தது. வாக்குகள் எண்ணப்படுவதற்கு முன் இடைவேளையில் ஏழு நிமிடம் ஒரு நடனம் ஆடினார்கள். அதன் பெயர் ‘ரிவர்டான்ஸ்’. இசை லிமெரிக்கைச் சேர்ந்த பில் வீலன். ஒரே மேடை, ஒரே இரவு, தொழிலுக்கு இரண்டு பாதைகள்.

முதலில் கிரஹாமைப் பார்ப்போம். நீண்ட காலம் வேறு உத்தியோகம் பார்த்தவர். 1993-இல் அந்த வேலை போன பிறகுதான் முழுநேரப் பாடலாசிரியரானார். அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1996-இல் ‘த வாய்ஸ்’ பாட்டோடு மறுபடி யூரோவிஷனை ஜெயித்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் பெரியது: நார்வேக்காரர் ரோல்ஃப் லோவ்லண்டின் மெட்டுக்கு அவர் எழுதிய ‘யு ரெய்ஸ் மீ அப்’. 2003-இல் ஜாஷ் க்ரோபன் பாடினார், 2005-இல் வெஸ்ட்லைஃப் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. நூற்றுக்கணக்கானோர் அதைப் பாடியிருக்கிறார்கள். யார் பாடினாலும், எந்தச் சாவு வீட்டில், எந்தக் கல்யாணத்தில், எந்த டிவி நிகழ்ச்சியில் ஒலித்தாலும், அனுமதியும் கணக்கும் ஒழுங்காக இருந்தால் எழுதிய இருவருக்கும் பங்கு போகிறது. கிரஹாமைத் தெருவில் பார்த்தால் பலருக்கு அடையாளம் தெரியாது. எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பாடகி ஷினேட் ஓ’கானர். 1990-இல் ‘நத்திங் கம்பேர்ஸ் டு யு’ பாட்டை உலகமே அவர் பாட்டு என்றுதான் கேட்டது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். ஆனால் எழுதியவர் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ், பாடலாசிரியர் பங்கும் அவருக்கே. பாடியவருக்குப் பதிவின் ராயல்டியும் கச்சேரிப் பணமும் உண்டு, பாட்டின் பங்கு கிடையாது. பாட்டு ஒரு சொத்து, அதன் ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. இந்த ஒரு விஷயம் புரியாமல் கையெழுத்துப் போட்டு வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அயர்லாந்தில் பாட்டின் பக்கத்துப் பணத்தை வசூலிப்பது இம்ரோ என்ற அமைப்பு. பப், ஹோட்டல், ரேடியோ, கச்சேரி அரங்கு எல்லாவற்றிடமும் உரிமக் கட்டணம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும். லண்டன் சங்கத்தின் கிளைபோல இருந்து, 1995-இல்தான் முழுமையாகத் தனியே வந்தது. எழுதியவர் இறந்து எழுபது ஆண்டு வரை உரிமை நீடிக்கும்.

ஆக, பிறர் பாட எழுதுவது நல்ல வழியா? பழகிய கை என்றால் ஆமாம். டிரோன் மாவட்டத்து ஓமா அருகே பிறந்த கென்னடி 1930-களில் ‘ரெட் செயில்ஸ் இன் த சன்செட்’, ‘டெடி பேர்ஸ் பிக்னிக்’ என்று எழுதித் தள்ளினார். மெக்சிகோவைப் பார்க்காமலே, அங்கே போன சகோதரி அனுப்பிய அஞ்சலட்டையை வைத்து ‘சவுத் ஆஃப் த பார்டர்’ எழுதினார். கார்க் மாவட்டத்து ஜிம்மி மெக்கார்த்தி இளமையில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். அவருடைய ‘ரைட் ஆன்’ கிறிஸ்டி மூர் குரலிலும், ‘நோ ஃப்ரண்டியர்ஸ்’ மேரி ப்ளாக் குரலிலும்தான் நாடு முழுக்கப் போனது. ஆனால் இந்த வழியின் பலவீனம் காத்திருப்பு. நல்ல பாட்டு கையில் இருந்தும் பாட ஆள் கிடைக்காமல் வருடங்கள் போகலாம். எதை எடுப்பது என்ற முடிவு பாடகரிடமும் அவருடைய நிர்வாகியிடமும் இருக்கிறது. இப்போது பெரிய பாப் பாடகர்கள் வெளியிலிருந்து முழுப் பாட்டை வாங்குவதும் குறைந்துவிட்டது. மூன்று நான்கு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து சேர்ந்து எழுதுகிறார்கள். அந்த அறை இன்னும் பெரும்பாலும் லண்டனிலோ லாஸ் ஏஞ்சலஸிலோதான் இருக்கிறது. ஆங்கிலப் பாடகர் எட் ஷீரனின் ‘ஷேப் ஆஃப் யு’ பாட்டில் பங்கு பெற்ற டெரிக்காரர் ஜானி மெக்டெய்ட், முதலில் ஓர் இசைக்குழுவோடு லண்டன் போனவர். அந்தக் குழு பெரிதாக எழும்பவில்லை. அங்கே கிடைத்த அறிமுகங்கள் வீண்போகவில்லை.

தானே எழுதித் தானே பாடுகிறவருக்கு இரண்டு பக்கத்துப் பணமும் வரும். ஹோசியர் அந்த ரகம். ஆனால் பெரும்பணம் சுற்றுப்பயணத்தில் இருப்பதால் வருடத்தில் பாதி பஸ்ஸிலும் விமானத்திலும் கழியும். இதிலிருந்து தப்பித்த அதிசயம் பாடகி என்யா. கிளானட் குடும்பக் குழுவை 1982-இல் விட்டு வந்து, தயாரிப்பாளர் நிக்கி ரயனோடும் பாடலாசிரியர் ரோமா ரயனோடும் சேர்ந்தார். மெட்டு அவர், வரி ரோமா, ஒலி நிக்கி. 1988-இல் ‘ஒரினோகோ ஃப்ளோ’ பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடம். தனிக் கச்சேரிச் சுற்றுப்பயணம் ஒன்றுகூடப் போகாமல் கோடிக்கணக்கில் ஆல்பம் விற்றார். இதைப் பார்த்து யாரும் திட்டம் போட வேண்டாம் என்பது என் எண்ணம். ஆல்பம் விற்ற காலம் அது, இன்று ஸ்ட்ரீமிங்கில் அந்தக் கணக்கு வராது. அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: மூவரின் பங்கும் தொடக்கத்திலிருந்தே தெளிவாக இருந்தது, ஆட்கள் மாறவில்லை.

அயர்லாந்து வரிச் சட்டமும் இந்த ஒப்பீட்டில் ஒரு பக்கம் சாய்கிறது. 1969-இல் நிதியமைச்சராக இருந்த சார்ல்ஸ் ஹாஹி கலைஞர்களின் படைப்பு வருமானத்துக்கு வருமான வரி விலக்குக் கொண்டுவந்தார். படைப்பு புதியது, கலைத் தகுதி உள்ளது என்று வரித்துறை ஏற்க வேண்டும். ஒரு காலத்தில் உச்சவரம்பே இல்லை. வரம்பு வந்ததும் டப்ளின் ராக் இசைக்குழுவான யு2 தன் பாட்டு உரிமை நிறுவனத்தை 2006-இல் நெதர்லாந்துக்கு மாற்றிக்கொண்டு ஊராரின் வசவை வாங்கிக்கட்டிக்கொண்டது. 2015 முதல் விலக்கு ஆண்டுக்கு 50,000 யூரோ வரை. இது எழுதிய இசைக்கும் பாட்டுக்கும் மட்டும். மேடையில் பாடிச் சம்பாதித்ததற்குக் கிடையாது. நடுத்தர வருமானமுள்ள ஒரு பாடலாசிரியருக்கு, பாடாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதினால் அரசே கொஞ்சம் கை கொடுக்கிறது என்று அர்த்தம்.

அந்த யூரோவிஷன் இரவின் இன்னொருவர் ‘ரிவர்டான்ஸ்’ வீலன். கேட்டபடி எழுதிக் கொடுப்பவரின் பாதை. சட்டம் படித்தவர். ஸ்டூடியோவில் பிறருக்கு இசைக்கோவை செய்து, தயாரிப்பு வேலை பார்த்து, டப்ளின் அபே தியேட்டரில் கவிஞர் யேட்ஸின் நாடகங்களுக்கு இசையமைத்துக் காலம் தள்ளினார். 1981 யூரோவிஷன் இடைவேளைக்கும் ‘டைம்டான்ஸ்’ என்று எழுதிக் கொடுத்தவர்தான். அதாவது ‘ரிவர்டான்ஸ்’ ஒரே ராத்திரியில் வந்த அதிர்ஷ்டம் என்று பேசுகிறவர்கள் பதின்மூன்று வருடத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த ஏழு நிமிடம் தனிப்பாட்டாக ஐரிஷ் பட்டியலில் 18 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1995 பிப்ரவரியில் முழுநீள நிகழ்ச்சியாகி, 1997-இல் கிராமி வாங்கியது. கேட்டபடி எழுதிக் கொடுக்கும் வேலை நூறு இருந்தால் தொண்ணூற்றெட்டு ஒளிபரப்பானதோடு மறைந்துவிடும். எது நிற்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மறுபயன்பாட்டு உரிமை யாருக்கு என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். படத்துறையிலும் இதே கதைதான். இயக்குநர் லெனி ஆப்ரஹாம்சன் படங்களுக்கும் ‘த கொயட் கேர்ள்’ படத்துக்கும் இசையமைத்த ஸ்டீவன் ரெனிக்ஸ் போல ஓர் இயக்குநரோடு கூடவே வளர்வதுதான் அங்கே நிலைக்கும் வழி.

அரசுப் பணத்தை நம்புவது பற்றி. இதன் பழைய வடிவம் கொடையாளர். பழைய யாழிசைக் கலைஞர் டர்லோ ஓ’காரலன் பதினெட்டு வயதில் அம்மையில் பார்வை இழந்தார். மெக்டெர்மட் ரோ குடும்பத்துச் சீமாட்டி அவருக்கு யாழ் கற்க ஏற்பாடு செய்து, குதிரையும் துணைக்கு ஆளும் கொடுத்து அனுப்பினார். சுமார் 45 வருடம் வீடு வீடாகப் போய், தங்கிய வீட்டுக்காரர் பெயரிலேயே மெட்டுக் கட்டிக் கொடுத்தார். இருநூறுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. நம் புலவர் பரிசில் வாங்கியது போலத்தான். இன்றைய வடிவம் 1981-இல் தொடங்கிய ஈஸ்டானா என்ற கலைஞர் அமைப்பு: எல்லாக் கலைக்கும் சேர்த்து 250 பேருக்கு மேல் கிடையாது, உள்ளே இருப்பவர்களே புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வருமானம் குறைவானவர்களுக்கு ஆண்டு உதவித்தொகை. இசைப் பிரிவில் பெரும்பாலும் கச்சேரி இசையமைப்பாளர்கள்தான். இருபத்திரண்டு வயதில் அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை.

2022-இல் வந்த அடிப்படை வருமானத் திட்டம் இளையவர்களுக்கு அதைவிட உபயோகம். 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ. தகுதியானவர்கள் எட்டாயிரத்துக்கு மேல் இருந்ததால் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். டப்ளின் வாடகைக்கு 325 போதாது, உண்மைதான். ஆனால் மேற்குக் கரையில் ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு, வாரத்தில் மூன்று நாள் பாடம் சொல்லிக் கொடுத்து, மீதி நாளில் எழுதலாம். திட்டத்தை நிலையானதாக்குவதாக அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. குலுக்கலை நம்பி வேலையை விடக் கூடாது, விண்ணப்பிக்காமலும் விடக் கூடாது.

வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்களில் எனக்குப் பிடித்தவர் பெர்சி ஃப்ரெஞ்ச். கேவன் மாவட்டத்தில் சாக்கடைக் கண்காணிப்பாளராக இருந்தார். மாணவராக இருந்த 1877-இல் எழுதிய ‘அப்துல் அபுல்புல் அமீர்’ பாட்டைச் சொந்தமாக அச்சடித்து விற்றார், காப்புரிமை பதிவு செய்ய மறந்தார். மற்றவர்கள் அவர் பெயரே இல்லாமல் அச்சிட்டுச் சம்பாதித்தார்கள். பிற்காலத்தில் வெஸ்ட் கிளேர் ரயில் தாமதமானதால் கச்சேரி கெட்டது என்று வழக்குப் போட்டு 10 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார். அந்த ரயிலைக் கிண்டல் செய்து பாட்டும் எழுதினார். கேவனில் பிறந்து ஃபிலடெல்ஃபியாவுக்குப் போன எட் ரீவி குழாய் வேலைக்காரர். நூற்றுக்கணக்கில் நடன மெட்டுக் கட்டினார். பப்பில் கூடி வாசிப்பவர்கள் காதால் கேட்டே கற்பதால் மெட்டு பரவப் பரவக் கட்டியவர் பெயர் உதிர்ந்து, ‘பழைய மெட்டு’ ஆகிவிடும். மரபு இசையில் மெட்டுக் கட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. வருமானம் மட்டும் வராது. அந்தத் துறைக்கு வேறு வேலை அவசியம் என்று துணிந்தே சொல்வேன்.

என் முடிவைக் கேட்டால்: பாட விருப்பமில்லாத பாடலாசிரியர் அயர்லாந்திலேயே இருக்கலாம், வேலையை விடாமல். லண்டன் அமர்வுகளுக்கு மட்டும் போய் வரலாம், விமானம் ஒரு மணி நேரம்தான். தானே பாடுகிறவர் முதல் ஆல்பம் வரை ஊரில் இருப்பது நல்லது, செலவும் குறைவு, கேட்கும் கூட்டமும் தெரிந்த கூட்டம். கச்சேரி இசையமைப்பாளர் போகத்தான் வேண்டும். படிக்கவாவது போக வேண்டும். திரும்பி வருவதா என்பதைக் கிடைக்கும் பேராசிரியர் பதவி தீர்மானிக்கும்.

எந்த வழியானாலும் இம்ரோவில் முதல் கச்சேரிக்கு முன்பே சேர வேண்டும். சேர்ந்து எழுதினால் அன்றைக்கே பங்கு விகிதத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். யு2 நால்வரும் இசைக்குக் குழுவின் பெயரையே போட்டுக்கொண்டதால் அந்தச் சண்டையிலிருந்து தப்பினார்கள். ‘ஷேப் ஆஃப் யு’ வரியொன்று வேறொரு பாட்டிலிருந்து எடுத்தது என்ற வழக்கில் ஷீரனும் மெக்டெய்ட்டும் 2022-இல் லண்டனில் ஜெயித்தார்கள். எதிர்த்தரப்பு அவர்களுக்கு ஒன்பது லட்சம் பவுண்டுக்கு மேல் வழக்குச் செலவு தர வேண்டும் என்று உத்தரவானது. ஜெயிப்பதற்கே அவ்வளவு செலவாகியிருக்கிறது. பாட்டு எழுதும் அமர்வுகளை இப்போது வீடியோவில் பதிவு செய்துகொள்வதாக ஷீரன் அதன் பிறகு சொன்னார். அதற்குக் கையில் இருக்கும் போனே போதும்.